குவான்மியாவ் ஊர்க்காரர்

ஓர் அரசாங்கம் தன் நோட்டுகளில் எவருடைய உருவத்தை அச்சிடுகிறது என்பதைக் கொண்டே அந்நாட்டு ஜனங்களின் மனப்போக்கை ஓரளவு ஊகித்துவிடலாம் என்று எனக்கு நெடுநாளாக ஒரு நம்பிக்கை உண்டு. மன்னர்களும் தேசபிதாக்களும் தளபதிகளும் புலவர்களும் கம்பீரமாக வீற்றிருக்கும் உலகத்து நோட்டுகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, தாவோயுவான் விமான நிலையத்தில் பணம் மாற்றியபோது கைக்கு வந்த தைவானின் 500 டாலர் நோட்டு ஓர் ஆச்சரியமாகவே இருந்தது. அதன் பின்புறத்தில் புள்ளிமான்களும் ஒரு மலைச்சிகரமும் இருந்தன; முன்புறத்திலோ, தொப்பிகளை ஆகாயத்தில் வீசியெறிந்து ஆரவாரிக்கும் பள்ளிக்கூடத்துச் சிறுவர்கள்! தீவின் தென்கிழக்கே உள்ள தைதுங் பிரதேசத்தில், நான்வாங் என்னும் ஊரின் ஆரம்பப் பள்ளியில் பேஸ்பால் ஆடிய குழுவினர் அவர்கள். ஒரு பந்தயத்தில் வென்ற கணத்துச் சந்தோஷத்தை ஒரு தேசம் தன் செலாவணியில் பொறித்து வைத்திருக்கிறது என்றால், அந்த ஆட்டம் அங்கே வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது.

நான் அந்தத் தீவுக்குச் சென்றதே ஒரு பேஸ்பால் வீரருடைய ஊரைப் பார்ப்பதற்காகத்தான். வாங் சியென்-மிங் என்ற பெயர் நம் நாட்டில் அநேகருக்குத் தெரிந்திராது. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் நியூயார்க் யாங்கீஸ் என்னும் பிரசித்தி பெற்ற அமெரிக்கக் குழுவின் பிரதான பிட்சராக, அதாவது பந்தெறிபவராக, விளங்கி, ஆண்டொன்றுக்கு 19 வெற்றிகளைத் தேடித் தந்தவர் அவர். பிறகு ஒரு பிற்பகலில் ஓடும்போது பாதம் பிசகி, அதன் விளைவாகத் தோளும் கெட்டு, எட்டு ஆண்டுகள் பெரிய ஊரும் சிறிய ஊருமாக அலைந்து, இழந்த இடத்தைத் தேடியவர். அந்த இரண்டு பொற்காலத்து ஆண்டுகளைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கோ, பின்னால் வந்த அந்த எட்டு ஆண்டுகளே அவருடைய உத்தியோகத்தில் பெருமைக்குரிய பாகம் என்று படுகிறது. அந்த எண்ணம் அவருடைய மண்ணில் நின்று பார்க்கும்போதும் நிற்குமா என்று சோதித்துக்கொள்ளும் ஆசையே என்னைத் தெற்கு நோக்கி ரயிலேற்றியது.

தைபேயிலிருந்து தைனானுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆவதில்லை. தீவின் மேற்குக் கரை முழுவதும் சமவெளி. தொழிற்சாலைகளும் அவற்றின் மதில்களை ஒட்டியே நெல்வயல்களும், வயல்களுக்கு நடுவே ஓடு வேய்ந்த சிறு கோயில்களுமாக, ஜன்னலுக்கு வெளியே காட்சி மாறிக்கொண்டே வருகிறது. கிழக்கே மட்டும் மலைத்தொடர் மாறாமல் கூடவே வருகிறது. சியாயி நகரத்தருகே கடகரேகை தீவை ஊடறுத்துச் செல்கிறது. அதைத் தாண்டியதும் வெயிலுக்கு நமக்குப் பழக்கமான ஒரு கனம் வந்துவிடுகிறது.

சியாயியைக் கடக்கும்போது அந்த ஆட்டத்தின் பூர்வகதையை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானியரின் ஆட்சியில் இருந்தது. பேஸ்பால் அவர்கள் கொண்டுவந்த சரக்கு. ஆண்டவர்கள் ஆடிய ஆட்டத்தை ஆளப்பட்டவர்கள் கற்றுக்கொண்டு அவர்களையே வெல்ல முற்படுவது நமக்கொன்றும் புதிய சங்கதியல்ல. 1931-ஆம் ஆண்டில் சியாயி விவசாயப் பள்ளியின் மாணவர்கள், ஜப்பானியரும் சீன வம்சத்தவரும் மலைவாசிகளான பூர்வகுடியினரும் ஒன்றாகக் கலந்த ஒரு குழுவாக, ஜப்பானின் கோஷியென் மைதானத்தில் நடந்த அகில நாட்டு உயர்நிலைப் பள்ளிப் பந்தயத்தில் இறுதி ஆட்டம் வரை முன்னேறித் தோற்றார்கள். தோற்றவர்களைத்தான் இன்றும் தைவானில் கொண்டாடுகிறார்கள். வென்ற பள்ளி எது என்று அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ!

ஜப்பானியர் போனார்கள், ஆட்டம் போகவில்லை. 1968-இல் தைதுங் மலைப் பகுதியின் ஹோங்யே கிராமத்துச் சிறுவர்கள், புனுன் என்னும் பூர்வகுடியைச் சேர்ந்தவர்கள், ஜப்பானிலிருந்து வந்த ஒரு சிறுவர் குழுவை 7-0 என்று வீழ்த்தினார்கள். அவர்களில் சிலர் வயது மீறியவர்கள் என்பதும், வேறு பையன்களின் பெயரில் ஆடினார்கள் என்பதும் பின்னர் நீதிமன்றம் வரை சென்று வெளியாயிற்று. ஆயினும் அந்தக் கதையின் மவுசு குறையவில்லை. மறு ஆண்டே தைச்சுங் நகரத்துச் சிறுவர் குழு அமெரிக்காவின் வில்லியம்ஸ்போர்ட்டுக்குச் சென்று உலகச் சிறுவர் சாம்பியன் பட்டத்தை வென்று வந்தது. 1996 வரை தைவான் அந்தப் பட்டத்தை 17 முறை வென்றிருக்கிறது. அதே காலத்தில்தான், 1971-இல் ஐக்கிய நாடுகள் சபையில் தன் ஆசனத்தை இழந்து, 1979-இல் அமெரிக்காவின் அங்கீகாரத்தையும் இழந்து, ஒலிம்பிக் பந்தயங்களில் சொந்தப் பெயரில்கூடக் கலந்துகொள்ள இயலாமல் ‘சீன தைபே’ என்னும் பெயரில் அணிவகுக்கும் நிலைக்கு அந்தத் தேசம் வந்து சேர்ந்தது. உலக சபைகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்ட வேளையில், நள்ளிரவில் விழித்திருந்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள் அயல்தேசத்தில் வெல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்துப் பட்டாசு கொளுத்திய தகப்பன்மார்களின் தலைமுறை ஒன்று அங்கே இருந்தது. வாங் சியென்-மிங் 1980 மார்ச் 31-ஆம் தேதி பிறந்தார் என்றால், அந்தத் தகப்பன்மார்களின் பிள்ளையாகப் பிறந்தார் என்றே கொள்ள வேண்டும்.

தைனான் தீவின் பழைய ராஜதானி. 1624-இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டத் தொடங்கிய கடற்கரையும், 1665-இல் எழுந்த கன்பூசியஸ் ஆலயமும் அங்கே இருக்கின்றன. சந்துக்குச் சந்து ஒரு கோயில், கோயிலுக்குக் கோயில் ஒரு சாப்பாட்டுக் கடை. காலைப் பலகாரமாக மீன் கஞ்சி குடிக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் பால் கெண்டை என்று சொல்லும் அதே மீன்தான். கரையோரத்து உப்பங்கழிகளில் வளர்த்து, முள் நீக்கி, இஞ்சித் துண்டு மிதக்கும் கஞ்சியில் இட்டுத் தருகிறார்கள். அதை உண்ட பிறகு அன்றைய பகல் முழுவதையும் நான் பெருந்தன்மையுடன் நோக்கினேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டு, நகரத்து விசேஷங்களை வழிகாட்டிப் புஸ்தகங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

குவான்மியாவ் தைனானுக்குக் கிழக்கே, சமவெளி முடிந்து குன்றுகள் தலைதூக்கும் இடத்தில் உள்ள சிற்றூர். குவான் யூ என்னும் வீரதெய்வத்தின் ஆலயமே ஊருக்குப் பெயரைத் தந்திருக்கிறது. அன்னாசிப் பழம், மூங்கில் வேலை, வெயிலில் உலர்த்திய நூடுல்ஸ் ஆகிய மூன்றும் ஊரின் கீர்த்தி. பட்டையாகவும் நெளிநெளியாகவும் பிழிந்த மாவை வட்ட வட்டமாகச் சுருட்டி, தட்டுகளில் பரப்பி, வெட்டவெளியில் காய வைத்திருக்கிறார்கள். நம்மூரில் மொட்டை மாடியில் வடாம் காயும் காட்சி எவருக்கும் ஞாபகம் வரும்.

என்னுடன் மொழிபெயர்ப்புக்காக வந்திருந்த கல்லூரி மாணவர், நூடுல்ஸ் உலர்த்திக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் நான் வந்த காரியத்தைச் சொன்னார். முதியவர் கையைத் துடைத்துக்கொண்டு நிழலுக்கு வந்தார். வேற்று நாட்டவன் ஒருவன் இதற்காகவா வந்திருக்கிறான் என்ற வியப்பு அவர் முகத்தில் இருந்தது.

“அவன் எறியும் நாட்களில் காலை ஏழு மணிக்கு இங்கே வேலை நின்றுவிடும்,” என்றார். “தொலைக்காட்சிப் பெட்டியைக் கடைவாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவோம். மழை வந்தால் தட்டுகளை எடுத்து வைக்கக்கூட ஆளிருக்காது. ஜெயித்தான் என்றால் அன்று வியாபாரம் உண்டு. தோற்றான் என்றால் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேச மாட்டோம்.”

“அவர் அடிபட்ட பிறகு?” என்று கேட்டேன்.

“அப்போதும் பார்த்தோம் ஐயா. முன்பு பார்த்த அளவு கூட்டம் இல்லை, அவ்வளவுதான்,” என்று சொல்லிவிட்டு, அவர் தட்டுகளைத் திருப்பி வைக்க எழுந்துவிட்டார்.

நியூயார்க்கில் மாலை ஏழு மணி என்றால் கோடையில் தைவானில் காலை ஏழு மணி. பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். யாங்கீஸின் மாலை ஆட்டம் தைவான் ஜனங்களுக்குக் காலைக் காபியோடு வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு தேசமே தன் நாளை ஒரு மனிதனுடைய வலது கையைப் பார்த்துத் தொடங்கியது.

அந்தக் கை என்ன செய்தது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இதைப் புரிந்துகொள்ளாமல் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது. பேஸ்பாலில் பிட்சர் என்பவர் சிறிய மண்மேட்டின் மீது நின்று, 18.44 மீட்டர் தூரத்தில் மட்டையுடன் நிற்பவரை நோக்கிப் பந்தைத் தரையில் படாமல் எறிகிறார். ரசிகர்கள் ஆராதிப்பது, மட்டையாளர் மூன்று தடவை வீசியும் பந்தைத் தொட இயலாமல் வெளியேறும்படி எறியும் பிட்சரைத்தான். வாங் அந்த ரகத்தைச் சேர்ந்தவரல்லர். 2000-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 20 லட்சம் டாலர் ஒப்பந்தத் தொகைக்கு யாங்கீஸ் அவரை எடுத்துக்கொண்டபோது, 193 சென்டிமீட்டர் உயரமும் வேகமான நேர்பந்துமே அவருடைய மூலதனம். மறு ஆண்டே தோளில் சத்திரசிகிச்சை. 2001-ஆம் ஆண்டு முழுவதும் களம் காணாமலே கழிந்தது. 2004-இல், பெரிய அணிக்கு ஒரு படி கீழே உள்ள கொலம்பஸ் குழுவில் இருந்தபோது, பயிற்சியாளர் நீல் ஆலனும் விக்கெட் காப்பாளருக்கு நிகரான கேட்சர் ஸ்தானத்தில் இருந்த சால் ஃபசானோவும் அவருக்கு ‘சிங்கர்’ என்னும் பந்தைப் பழக்கினார்கள். பந்தின் இரு தையல்களும் நெருங்கி வரும் இடத்தில் இரு விரல்களையும் வைத்து, ஆட்காட்டி விரலின் அழுத்தத்தைக் கொண்டு எறிவது அது. நேர்பந்தின் வேகத்திலேயே, மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில், நேராகவே வரும். மட்டை புறப்பட்ட பிறகு, கடைசிக் கணத்தில், கீழ்நோக்கி அமிழ்ந்துவிடும். இருட்டில் படி இறங்குகிறவன், இன்னும் ஒரு படி பாக்கி இருப்பதை அறியாமல் காலை வைக்கும்போது என்ன நேருமோ அதுதான் மட்டையாளருக்கும் நேர்கிறது. அவர் பந்தை அடிக்கத்தான் செய்கிறார். ஆனால் அதன் தலையில் அடிக்கிறார். பந்து தரையோடு உருண்டு, உட்களத்தில் நிற்கும் சகவீரர் ஒருவரின் கையில் சேர்ந்துவிடுகிறது.

பிறர் கைகளை நம்பி எறியும் பிட்சர் என்று அவரைச் சொல்லலாம். 2006-இல் அவர் 218 இன்னிங்ஸ் எறிந்தார். அவற்றில் மட்டையால் தொட முடியாமல் வெளியேறியவர்கள் 76 பேர் மட்டுமே. அந்தத் தரத்துப் பிட்சர்கள் அதைப்போல் இரு மடங்கு பேரையேனும் அவ்வாறு வெளியேற்றுவது வழக்கம். ஆயினும் 19 வெற்றிகள், 6 தோல்விகள். ஒரு பிட்சர் களத்தில் இருக்கையில் அணி முந்திச் சென்று, அந்த முன்னிலையை இறுதிவரை இழக்காமல் வென்றால் அந்த வெற்றி அவர் பேரில் எழுதப்படும் என்பது அவ்வாட்டத்தின் கணக்கு. அந்த ஆண்டு அமெரிக்க லீகின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதின் வாக்கெடுப்பில், ஜொஹான் சந்தானாவுக்கு அடுத்தபடியாக இரண்டாமிடம் அவருக்குக் கிடைத்தது. மறு ஆண்டும் 19 வெற்றிகள். 2007 மே 5-ஆம் தேதி, சியாட்டில் குழுவின் முதல் 22 மட்டையாளர்களில் ஒருவரைக்கூட முதல் தளத்தை மிதிக்க விடாமல் வெளியேற்றி, அபூர்வத்திலும் அபூர்வமான ‘பரிபூரண ஆட்ட’த்திற்கு ஐந்து பேர் பாக்கி இருந்த நிலையில், பென் பிரூசார்ட் என்பவர் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து அதைக் குலைத்தார். அந்த ஆண்டே ‘டைம்’ பத்திரிகை உலகின் செல்வாக்கு மிக்க நூறு பேர் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்தது.

தைவானில் அவருக்கு ‘தைவானின் ஒளி’ என்று பட்டம். ஆனால் இந்த இடத்தில் ஒரு விபரீதத்தையும் குறிக்க வேண்டும். 1990-இல் ஆடத் தொடங்கிய தைவானின் சொந்தத் தொழில்முறை லீக், சூதாட்டக்காரர்களுக்கு விலைபோன வீரர்களால் 1990-களின் பிற்பாதியிலிருந்தே அடுத்தடுத்து மானமிழந்து, 2009-இல் நான்கே குழுக்களாகச் சுருங்கி நின்றது. காலையில் நியூயார்க்கின் ஆட்டத்துக்காக வேலையை நிறுத்திய ஜனங்கள், மாலையில் தங்கள் ஊர் மைதானத்தை எட்டிப் பார்க்கவில்லை. உள்ளூரில் நம்பிக்கை வைக்க இடமில்லாதபோது, அயலூரில் இருக்கும் ஒருவர் மீது அத்தனை நம்பிக்கையையும் கொண்டுபோய்ச் சுமத்துவது எளிது; சுமப்பவருக்கு அது எளிதாக இருந்திருக்குமா? இயல்பிலேயே பேச்சுக் குறைந்தவர் அவர். சொந்த நாட்டுப் பத்திரிகைகள் அவருடைய குடும்ப விவகாரங்களைத் தோண்டியெடுத்துப் பிரசுரித்தபோது, அவர் தம் நாட்டு நிருபர்களுடன் பேசுவதையே சில காலம் நிறுத்திக்கொண்டார். அவர் செய்தது முற்றிலும் சரி என்பதே என் அபிப்பிராயம். 2007 அக்டோபரில் கிளீவ்லண்ட் குழுவுக்கு எதிராக இரண்டு ஆட்டங்களில் எறிந்து இரண்டிலும் அவர் படுதோல்வி அடைந்த நாட்களில், அந்தச் சிறு தீவின் காலைப் பொழுதுகள் எப்படி விடிந்திருக்கும் என்பதைக் குவான்மியாவ் முதியவர் சொன்னதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

2008 ஜூன் 15. ஹூஸ்டன் நகரம். யாங்கீஸ் ஆடும் அமெரிக்க லீகில் பிட்சர்கள் மட்டை பிடிப்பதில்லை; அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் அடிப்பார். அன்று ஹூஸ்டனும் சேர்ந்திருந்த தேசிய லீக் குழுக்களின் மைதானத்தில் மட்டும் அப்போது பிட்சரே அடிக்கவும் ஓடவும் வேண்டும் என்ற பழைய விதி அமலில் இருந்தது. அன்று ஹூஸ்டன் குழுவுக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காமல் ஐந்து இன்னிங்ஸ் எறிந்துவிட்டு, ஆறாவது இன்னிங்ஸில் தளத்தை அடைந்து, சகவீரர் டெரெக் ஜீட்டர் அடித்த அடியில் வாங் ஓடினார். மூன்றாம் தளத்தைச் சுற்றிக்கொண்டு இல்லம் வந்து சேர்ந்தார். ஆனால் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வலது பாதத்தின் நடுப்பகுதியில் உள்ள தசைநார் கிழிந்திருந்தது. யாங்கீஸ் அந்த ஆட்டத்தை 13-0 என்று வென்றது என்பது இன்று யாருக்கும் முக்கியமல்ல. வலது கைப் பிட்சர் மண்மேட்டிலிருந்து உந்திப் புறப்படுவது வலது பாதத்தை ஊன்றித்தான். அந்தப் பாதம் பல மாதம் தரையில் படாமல் கிடந்ததில் இடுப்பின் வலுவும் குறைந்தது. இடுப்பு செய்ய வேண்டிய வேலையைத் தோள் ஏற்றுக்கொண்டது. 2009-இல் தோளும் கிழிந்தது. அந்த ஆண்டின் முதல் மூன்று ஆட்டங்களில் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு 34.50 ஓட்டம் என்ற வீதத்தில் விட்டுக்கொடுத்தார். 2006, 2007 ஆண்டுகளில் அந்த வீதம் நான்குக்கும் கீழே. ஜூலையில் மறுபடி சத்திரசிகிச்சை. அந்த ஆண்டு யாங்கீஸ் உலகத் தொடரை வென்றது. வருஷ முடிவில் அவரை விடுவித்துவிட்டது.

இதில் மனத்தை உறுத்துவது ஒன்று உண்டு. 2022 முதல் இரண்டு லீகுகளிலும் பிட்சர்கள் மட்டை பிடிக்க வேண்டியதில்லை என்று விதியை மாற்றிவிட்டார்கள். பதினான்கு ஆண்டுகள் முன்னதாக அந்தப் புத்தி வந்திருந்தால், வாங் அந்த ஓட்டத்தை ஓடியிருக்கவே மாட்டார்.

பிறகு நடந்ததை ஊர்களின் பெயர்களாகவே சொல்லிவிடலாம். வாஷிங்டன் குழு அவரை எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டு முழுவதும் அவரால் எறியவே இயலவில்லை. 2011 ஜூலை இறுதியில்தான் மறுபடி பெரிய மைதானத்தில் நின்றார். பின்னர் டொரொண்டோ. அதன் பிறகு பெரிய குழுக்கள் கைவிட, சிறு லீகுகளின் லூயிவில், சார்லட், க்வினெட், டகோமா. 2015-இல் எந்தப் பெரிய குழுவோடும் சம்பந்தமில்லாத, மேரிலண்ட் மாகாணத்து ஒரு சுயேச்சைக் குழுவில்கூட ஆடினார். ஒரு காலத்தில் நியூயார்க்கின் ஐம்பதாயிரம் பேருக்கு முன்னால் நின்றவர், சில ஆயிரம் பேர் மட்டுமே கூடும் ஊர்களில், தம்மைவிட வெகு இளைய பையன்களுடன் பஸ்ஸில் பிரயாணம் செய்து, தம் பந்து மறுபடி அமிழுமா என்று ஒவ்வொரு முறையும் பரீட்சித்துக்கொண்டிருந்தார். சொந்த நாட்டுக்குத் திரும்பியிருந்தால் சிவப்புக் கம்பளம் விரித்து, கேட்ட சம்பளம் கொடுத்திருப்பார்கள். அவர் திரும்பவில்லை. இதைப் பிடிவாதம் என்று சொல்கிறவர்கள் தைனானிலேயே இருக்கிறார்கள். பிடிவாதம் என்றே வைத்துக்கொண்டாலும், அதில் ஒரு மரியாதை இருக்கிறது.

இடையில் ஓர் இரவு மட்டும் பழைய வாங் வந்துபோனார். 2013 மார்ச் 8, டோக்கியோ. உலக பேஸ்பால் கிளாசிக் பந்தயத்தில் ஜப்பானுக்கு எதிராக, எந்தக் குழுவிலும் வேலையில்லாத நிலையில், அவர் ஆறு இன்னிங்ஸ் எறிந்து ஒரு ஓட்டமும் கொடுக்கவில்லை. பந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் உருண்டன. அவர் இறங்கிய பிறகு ஜப்பான் எட்டிப் பிடித்தது. ஒன்பதாவது இன்னிங்ஸில் இருவர் வெளியேறி, வெற்றிக்கு ஒருவர் மட்டுமே பாக்கி என்ற நிலையில் ஜப்பான் சமன் செய்து, பத்தாவதில் 4-3 என்று வென்றது. ஆட்டம் முடிந்ததும் தைவான் வீரர்கள் மண்மேட்டைச் சுற்றிக் கூடி, நாற்புறமும் இருந்த ஜனங்களைக் குனிந்து வணங்கினார்கள். சியாயிப் பள்ளி மாணவர்களைப் போலவே, அந்தத் தோல்வியையும் அந்நாட்டார் வெற்றிகளுக்கு மேலாகப் போற்றுகிறார்கள்.

2016-இல், ஃபுளோரிடாவில் ஒரு பயிற்சிக் களத்தில் எறியும் முறையை அடியோடு மாற்றிக்கொண்டு, முப்பத்தாறாவது வயதில் அவர் மறுபடி பெரிய லீகுக்கு ஏறினார். கான்சாஸ் சிட்டி குழு அவரைப் பிரதான பிட்சராக அல்ல, இடையில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் எறியும் உதவியாளராகவே எடுத்துக்கொண்டது. பந்தின் வேகம் பழையபடி திரும்பியிருந்தது. அந்த ஆண்டு 6 வெற்றிகள், ஒரு தோல்வியும் இல்லை. செப்டம்பரில் அங்கிருந்தும் விடுவிக்கப்பட்டார். எட்டு ஆண்டு உழைப்பின் லாபக்கணக்கு இவ்வளவே என்று ஒரு வியாபாரி சொல்லக்கூடும். 2006-ஆம் ஆண்டின் 19 வெற்றிகளையும் 2016-இன் இந்த 6 வெற்றிகளையும் என் முன்னால் வைத்து, எதை எடுத்துக்கொள்கிறாய் என்று கேட்டால், நான் ஆறையே எடுத்துக்கொள்வேன். முன்னது வாலிபமும் தேகபலமும் கொடுத்தது. பின்னதை அவரே சம்பாதித்தார்.

அன்று மாலை தைனான் நகரத்து மைதானத்துக்குச் சென்றேன். ஜப்பானியர் காலத்தில், 1931-இல் கட்டிய பழைய மைதானம். அவ்வூர்க் கம்பெனி ஒன்றின் லயன்ஸ் குழு நெடுங்காலமாக அதைத் தன் வீடாகக் கொண்டிருக்கிறது. நான் எதிர்பார்த்துச் சென்ற சோக நாடகத்தின் சாயல் அங்கே எதுவுமில்லை. ஒவ்வொரு மட்டையாளருக்கும் ஒரு பாட்டு. எக்காளமும் பேரிகையும் முழங்க, மேடையேறிய தலைவர்கள் தாளம் காட்ட, குழந்தைகளும் பாட்டிமார்களுமாக ஜனங்கள் எழுந்து நின்று பாடிக்கொண்டே இருக்கிறார்கள். லீக் இப்போது ஆறு குழுக்களாக வளர்ந்திருக்கிறது. என் அருகில் இருந்த குடும்பத்தார் வறுத்த மீனுருண்டைகளை என் கையிலும் திணித்தார்கள்.

அந்த உற்சாகத்துக்கு ஒரு காரணம் இருந்தது. 2024 நவம்பர் 24-ஆம் தேதி, அதே டோக்கியோ மைதானத்தில், பிரீமியர் 12 என்னும் உலகப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், தைவான் ஜப்பானை 4-0 என்று வென்றது. அணித் தலைவர் சென் சியே-சியென், லயன்ஸ் குழுவின் ஆட்டக்காரர், மூன்று ஓட்டம் தந்த அடியை அடித்துவிட்டு, தளங்களைச் சுற்றி ஓடும்போது, தேசத்தின் பெயர் இல்லாத தம் சட்டையின் மார்பில் இரு கைகளாலும் ஒரு வெற்றிடத்தைச் சதுரமாக வரைந்து காட்டினார். அங்கே என்ன எழுதியிருக்க வேண்டும் என்பது தைவானில் ஒவ்வொருவருக்கும் தெரியும். அன்று ஜப்பானுக்கு ஒரு ஓட்டமும் கொடுக்காத இளம் பிட்சர்களின் பின்னால், பயிற்சியாளர் குழுவில் ஒருவராக, பதினொரு ஆண்டுகளுக்கு முன் அதே மண்மேட்டிலிருந்து இறங்கிப் போன வாங் சியென்-மிங்கும் இருந்தார்.

தைவான் செல்லும் வாசகர்கள் தைனானுக்கும் ஒரு நாள் ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மார்ச் இறுதியிலிருந்து அக்டோபர் வரை ஆட்டங்கள் நடைபெறும். திங்கட்கிழமை பெரும்பாலும் ஓய்வு. காலையில் குவான்மியாவுக்குப் போய் வரலாம். மாலையில் மைதானத்தில் உட்காரும்போது, அடுத்திருப்பவரிடம் வாங்கின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் நியூயார்க்கைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கான்சாஸ் சிட்டியைப் பற்றிக் கேளுங்கள். அமெரிக்கப் பெரிய லீகில் வாங் பெற்ற வெற்றிகள் மொத்தம் 68; தைவானிலிருந்து சென்ற வேறெந்தப் பிட்சரும் இன்னும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.